கருவாட்டு மாஸ்டர் கழகம் மாறினார்

உலக உதைபந்தாட்ட வரலாற்றிலேயே, தன் இடது பக்க ஆட்டக்காரனைக் காகத்திடம் பறிகொடுத்த ஒரே பயிற்சியாளர் எங்கள் கருவாட்டு மாஸ்டர்தான். வேறு எங்காவது அப்படி நடந்திருந்தால் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. கோயில் புத்தகத்தில் அதைக் கண்ட பங்குச்சுவாமியே "இது ஆர்?" என்று கேட்டாராம். கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நானாட்டான் பக்கத்து வயல்காரருக்கு விற்பது அவர் தொழில். எங்கள் ஊரான தோட்டவெளியில் கழகத்தைப் பயிற்றுவது அவர் வாழ்க்கை. பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "வலை பின்னுறவனுக்கு நீந்தத் தெரியவேணுமெண்டு ஆர் சொன்னது?" என்பார்.

ஆட்டத்துக்கு முன் ஓலைப்பாயை விரித்து அணியைக் கருவாட்டால் அடுக்குவார். கோலில் நிற்பவன் அகலமாக இருக்கவேண்டும் என்பதால் அங்கே திருக்கை. பின்வரிசைக்குச் சுறாத்துண்டு. நடுவில் பாரை. இரண்டு ஓரத்திலும் ஓடித் திரிய நெத்தலி. ஒருநாள் அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே காகம் ஒன்று இறங்கி இடது பக்கத்து நெத்தலியைக் கொத்திக்கொண்டு போனது. மாஸ்டர் கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார்.

"லெப்ட் விங்கைக் காகம் கொண்டுபோட்டுது. இண்டைக்குப் பத்துப் பேரோட விளையாடுவம்."

சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்திருந்த உண்மையான லெப்ட் விங் எவ்வளவோ கெஞ்சியும் அவர் மசியவில்லை. அன்று பத்துப் பேரோடு மூன்று கோலால் வென்றோம். அதற்குப் பிறகு அவரை எதிர்த்துக் கதைக்க யாருக்கு வாய் வரும்? அடுத்த நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எங்கள் பின்வரிசை முழுவதும் கத்தரிக்காயோடு குழம்பில் கிடந்தது.

காற்று விஷயத்திலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. நாணயச் சுண்டலில் வென்றால் முதற்பாதியைக் காற்றுக்கு எதிராகத்தான் ஆடவேண்டும். "களைக்க முதல் காத்தோட சண்டை பிடியுங்கோ. களைச்ச பிறகு காத்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்" என்பார். எங்கள் பெடியள் ஜெபத்தை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் சந்தானின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேர்வதற்குள், துரோகி ஆகிவிட்டார்.

"மாஸ்டர் விடத்தல்தீவுக் கழகத்துக்கு மாறிட்டாராம்" என்றான் எங்கள் தலைவன் கிறகோரி.

"விசர்க்கதை கதையாதை."

"நான் என்ரை கண்ணால கண்டனான். அவையின்ரை மைதானத்தில பாயை விரிச்சுக்கொண்டு இருக்கிறார்."

பாய் என்றதும் எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அன்று தொடங்கி மாஸ்டரின் எதிர்காலத்தைக் கணிப்பதே ஊரின் தொழிலானது. விடத்தல்தீவார் வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப் போனார்கள் என்றார் ஒருவர். மாஸ்டருக்கு வள்ளமே இல்லையே என்றதற்கு, "அதையும் குடுப்பினம்" என்றார். அடுத்த வருடம் மாவட்ட அணி, அதற்கடுத்து கொழும்பு, பிறகு கப்பலேறி வெளிநாடு என்று ஒரு கட்சி படிப்படியாக ஏற்றிவிட்டது. கிறகோரியின் கட்சி மூன்று மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவார் என்றது. சந்தான் மட்டும் வேறுவிதமாக யோசித்தார்.

"அங்க மீன் கூட. பதினொண்டோட நிப்பாட்டமாட்டார். பதினேழு பேரை இறக்கி மாட்டுப்படப் போறார், பாருங்கோ."

நான் அப்போது கழகச் செயலாளர். பகலில் மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். மாலையில் கழகத்தின் கடிதமும் தீர்மானமும் உறுப்பினர் இடாப்பும் என் பொறுப்பு. மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது எனக்குச் சுட்டது. சொல்லியிருந்தால் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பொய். காலில் விழுந்து மறித்திருப்பேன்.

எங்கள் திருவிழாச் சுற்றுப்போட்டி வந்தது. அரையிறுதியில் எங்களுக்கு எதிரே விடத்தல்தீவு. மாஸ்டர் பாயோடு வந்து மூலைக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

நாணயச் சுண்டலில் கிறகோரி வென்று, காற்றுக்கு எதிர்ப் பக்கத்தைக் கேட்டான். அந்தப் பக்கம் தங்களுக்கு வேண்டுமென்று விடத்தல்தீவுத் தலைவன் மல்லுக்கு நின்றான். மத்தியஸ்தர் குழம்பிப் போனார்.

"எல்லாரும் காத்து தங்கட முதுகில அடிக்கவேணும் எண்டுதானே கேப்பினம்? உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சது?"

கடைசியில் கிறகோரி கேட்டதே கிடைத்தது. முதற்பாதியில் அவர்கள் காற்றோடு வந்து இரண்டு கோல் போட்டார்கள். பரவாயில்லை, இனிக் காற்று எங்களுடையது என்று இருந்தோம். இடைவேளை முடிய, காற்று விழுந்துவிட்டது. தென்னோலைகூட அசையவில்லை. அந்த இரண்டு கோலாலேயே தோற்றோம். பொழுதுபடக் காற்று விழும் என்று மாஸ்டர் காலையிலேயே கணித்துவிட்டார். அவருடைய பழைய சட்டத்தை நாங்கள் கைவிடமாட்டோம் என்பதும் அவருக்குத் தெரியும். நாங்கள் சந்தேகப்படாமல் இருக்கத்தான் அந்தத் தலைவனை மல்லுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் கொதித்தது. மாஸ்டரின் பெயரை உறுப்பினர் இடாப்பிலிருந்து வெட்ட மறுநாள் பின்னேரம் கூட்டம். வெட்டினால் வெட்டினதுதான், அதற்குப் பிறகு அவர் எங்கள் மைதானத்துக்குள் கால்வைக்க முடியாது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். 'துரோகம்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. எழுதியதை மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே உடுப்பு மடித்தாள்.

"மாஸ்டரின்ரை மூத்தவளுக்கு வீட்டைச் சீதனமாக் குடுத்தாச்சு. போன மாசம் இளையவளுக்கு மிச்ச வளவையும் தாங்கள் இருந்த கொட்டிலையும் எழுதியாச்சு. நொத்தாரிசிட்டைச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஆர்?"

"நான்தான்."

"அப்ப அந்த மனிசனும் மனிசியும் எங்க படுக்கினம் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. எங்களுக்குள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். பெற்றவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பது வழக்கமில்லை. அந்தக் கலியாணத்தில் நான் இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தவன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் முதற் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். விடத்தல்தீவில், செத்துப்போன மைத்துனரின் ஓரறை வீட்டு முற்றத்தில் மாஸ்டர் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ செயலாளர். தீர்மானத்தோட வந்தனீங்களோ?"

"ஊரிலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கலாமே, மாஸ்டர்."

"தகப்பன் வாடகைக்கு இருக்கிறானெண்டால் சம்பந்தி வீட்டில பிள்ளையளை என்ன சொல்லுவினம்? மருமோன்ரை வீட்டில போயிருந்தா நான் எந்தக் கதிரையில இருக்கிறது? விடத்தல்தீவார் பயிற்சிக்குக் கூப்பிட்டினம் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"கூப்பிட்டவையோ?"

"இல்லை. நானாத்தான் போய்க் கேட்டனான்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பேரை வெட்டுங்கோ. துரோகியெண்டே இருக்கட்டும். பிள்ளையளின்ரை கதையை மட்டும் கூட்டத்தில எடுக்காதேங்கோ."

அவர் பெயரை வெட்ட என்னால் முடியாது. உண்மையைச் சொல்லவும் முடியாது. பஸ்ஸில் வரும்போது மண்டை காய்ந்தது. கூட்டத்தில் எழுந்து நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாஸ்டரை அங்க அனுப்பினது நான்தான். வேவு பாக்க."

கிறகோரி கையை உயர்த்தினான்.

"பிறகேன் நேற்றுத் தோத்தனாங்கள்?"

"வேவு இன்னும் முடியேல்லை."

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு தீர்மானத்தைக் கைவிடலாம் என்று அவனே பிரேரித்தான். எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

மாஸ்டர் பதினொரு வருடம் வேவு பார்த்தார். ஒரு தகவலும் வரவில்லை. அதற்குள் ஏழு தரம் எங்களை வென்றார். மாவட்ட அணிக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. எங்கள் மைதானத்துக்கு மட்டும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்தார்; ஆட்டம் முடிய மகள்மார் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போவார்.

அவருடைய அடக்கத்துக்கு விடத்தல்தீவுக்கு எங்கள் கழகமே போயிருந்தது. சேமக்காலையிலிருந்து திரும்பி வரும்போது கிறகோரி என் பக்கத்தில் நடந்தான்.

"செயலாளர், அந்த வேவுக் கதை பொய்யெண்டு எங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் எல்லாரும் கையைத் தூக்கினீங்கள்?"

"அந்த மனிசன்ரை பேரை வெட்ட எங்களில ஆருக்கு மனம் வந்தது? ஆராவது ஒரு சாட்டுச் சொல்லமாட்டானோ எண்டுதானே எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."