சோழபுரத்தில் நான் உருண்ட கதை

பிள்ளைகளா, எனக்கு வாழ்க்கையில் கைத்தட்டல் கிடைத்தது ஒரே ஒரு தடவைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் டாக்டரம்மா ஒருவர், மாரடைப்பைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரு குழு சேர்த்தார். வெறும் பேச்சைக் கேட்க யார் வருவார்கள்? அதனால் நடுவில் சின்ன நாடகம். நோயாளி வேஷம் எனக்கு. (கம்பெனியில் என்னைவிட ஒல்லியான ஆள் கிடைக்கவில்லை. அதை நடிப்புத் திறமை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.)

டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

"கத்தக் கூடாது, விழக் கூடாது. நெறைய பேருக்கு இது சத்தமில்லாமத்தான் வரும். சும்மா உக்காருங்க. வேர்வையத் தொடைங்க. இடது கையத் தடவிக்கிட்டு, 'வாய்வுதான், ஒரு சோடா வாங்கியா'ன்னு சொல்லுங்க. ஒடனே நான் மைக்கப் பிடிச்சு, 'இது வாய்வு இல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க'ன்னு சொல்லுவேன்."

சோழபுரத்தில் ஒரு சாயங்காலம் நாடகம். அது உங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். அக்காவும் அத்தானும் (உங்கள் மாமாதான்) கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். "நடிக்கப் போறது எம் மச்சினன்" என்று அத்தான் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

நான் போய் உட்கார்ந்தேன். வேர்வை வேண்டுமே என்று கம்பெனித் துணியை நனைத்துத் துண்டுக்குள் வைத்திருந்தேன். நெற்றியில் பிழிந்தேன். கையைத் தடவினேன். கூட்டம் கொட்டாவி விட்டது.

"ஏலே, ஆளு ஒறங்கிட்டாருலே! எழுப்பி விடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரே சிரிப்பு. அத்தான் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குப் புத்தி கெட்டது. "ஐயோ அம்மா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மேடையின் இந்தக் கோடியில் விழுந்து அந்தக் கோடி வரைக்கும் உருண்டேன். வேட்டி அவிழ்ந்து ஒரு பக்கம் போனது. (உள்ளே டவுசர் போட்டிருந்தேன், கடவுள் புண்ணியம்.) கால் பட்டு மைக் ஒயர் பிடுங்கிக்கொண்டது. கைத்தட்டலும் விசிலும் பறந்தன. "இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள்.

இன்னொரு தடவையும் உருண்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மைக் இல்லாமல் டாக்டரம்மா தொண்டை கிழியப் பேசியது யார் காதிலும் விழவில்லை. திரும்பும்போது வேனில் அவர் சொன்னார்: "நல்லா நடிச்சீங்க. ஆனா யாருக்கு என்ன புரிஞ்சது?" முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். இடது கையைத் தடவினார்.

"வாங்க மாப்ள. காலைல இருந்து செத்த வாய்வா இருக்கு. ஏட்டி, இன்னொரு சோடா வாங்கியா."

டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த வேஷத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் அவர் செய்துகொண்டிருந்தார். அக்காவைக் கூப்பிட்டு, எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

அக்கா அழுதுவிட்டாள். "காலைலயே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எம்புட்டோ சொன்னேன் தம்பி. அவிய கேக்கல. 'ஒந்தம்பி உருண்டதப் பாத்தேல்ல? எனக்கு அப்பிடியா வருது?'ன்னு என்னையே கேக்காவ."

கார் பிடித்து இராஜபாளையத்துக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தது. "காலையிலயே வந்திருந்தா இதயம் இவ்வளவு கெட்டிருக்காது" என்றார்கள் அங்கிருந்த டாக்டர்கள். அதற்குப் பிறகு அத்தான் மம்பட்டியைத் தொடவே இல்லை. பருத்திக் காட்டைக் குத்தகைக்கு விட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டு கட்டில் பக்கத்தில் நின்றேன். அவரோ பாவமாகக் கேட்டார்:

"மாப்ள, நான் உருளவே இல்லையே. பொறவு எப்பிடி?"

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே உக்காருங்க" என்றார். அடுத்த இரண்டு வருஷம் பல ஊர்களில் உட்கார்ந்தேன், சோழபுரத்திலும். ஒரு கை கூடத் தட்டவில்லை.

நீங்கள் அறிந்ததுதான். நம் வீட்டில் யாருக்குக் கை வலித்தாலும் "உருண்டியா?" என்று கேட்டுத்தான் ஆட்டோ கூப்பிடுவீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு எல்லாரும் கூடினால் இந்தக் கதையைச் சொல்லுகிறவரும் மாமாதான். வேட்டி அவிழ்ந்த இடம் வந்ததும் அவருக்கே சிரிப்பு முட்டிவிடும். கூடவே மூச்சு வாங்கும். கையை உயர்த்திக் கதையை நிறுத்துவார். மிச்சக் கதைக்காக நீங்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.