சன்னலோரக் கட்டில் மீட்ட படலம்

வாழ்க நடத்துநர் வேந்தே! ஓடும் பேருந்தின் படிக்கட்டிலே ஒற்றைக்கால் ஊன்றி நின்ற உரனுடையோய்! விசிலொலி ஒன்றினாலேயே இரும்புக் களிற்றை நிறுத்தவும் நடத்தவும் வல்ல இதழுடையோய்! சன்னல் வழியே துண்டை எறிந்து இடம்பிடித்துவிட்டு ஆற அமர ஏறிவருவோரை நோக்கி, "துண்டா சார் டிக்கெட் எடுத்துச்சு?" என்று கேட்டுக் கேட்டே துண்டினத்தை நடுங்கவைத்த துண்டுக்காலனே! பணி ஓய்ந்து, துணைவியை இழந்து, முதியோர் இல்லத்து ஆடவர் கூடத்திலே சன்னலோரக் கட்டிலொன்றே நாடும் கோட்டையுமாக வீற்றிருந்த நின் திருப்போரைப் பாடப் புகுந்தோம். கேட்போர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செவி சாய்க்கட்டும்.

அக்கட்டிலின் மகிமை யாதெனின், மெத்தை என்னவோ நடுவில் குழி விழுந்தது. கால்களில் ஒன்று குட்டை. ஆனால் அதில் சாய்ந்து தலையைத் திருப்பினால் சாலை வளைவு தெரியும். பகல் சாப்பாடு முடிந்து கூடமே கண்ணயரும் வேளையில், அவ்வளைவில் அவருடைய மகள் ஓட்டும் பேருந்து திரும்பும். அவள் ஹாரன் அடிப்பாள். இவர் கை தூக்குவார். கை தெரியாத ஒரு நாளில், பயணிகள் அத்தனை பேரோடும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் கூடத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவள் மேலதிகாரி விட்ட டோஸ் இல்லத்தில் இன்றுவரை பேசப்படுகிறது. இன்னொரு தடவை வண்டி நின்றால் வேலைக்கே வேட்டு என்று அவர் சொல்லியிருந்தார்.

இத்தகு கோட்டையின்மேல் நெஞ்சுச்சளி என்னும் வஞ்சகப் பகைவன் படையெடுத்தான். வேந்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "நல்லபடியா போய்ட்டு வாங்கப்பா, உங்க கட்டில் எங்கயும் ஓடிடாது" என்று வார்டன் அம்மா வாசல்வரை வந்து வாக்களித்தார். ஆயினும் மனம் கேளாத மாவீரர், வாழ்நாளெல்லாம் எத்துண்டினத்தை வேரறுத்தாரோ அத்துண்டினத்தில் ஒன்றையே தம் தலையணைமேல் விரித்துவிட்டுப் போனார். அந்தோ! சலவைக்கு எடுக்கும் அம்மாள் மறுநாளே அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சளியை வென்று, நடை மெலிந்து, இன்று திரும்புவதை மகளுக்கும் சொல்லிவிட்டு, மருந்துப் பையும் தாமுமாக வேந்தர் மீண்ட காலைப்பொழுதில், கோட்டையிலே மாற்றான் கொடி! நில அளவையர்! சங்கிலி பிடித்து மண்மகளின் மெல்லிடை அளந்தவர். வரப்புச் சண்டைகளின் நடுவே குடைபிடித்து நின்றவர். எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவனுக்கே இடம் என்னும் அனுபோக சாத்திரத்தை ஐயந்திரிபறக் கற்றவர். இல்லத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் குழி விழுந்த மெத்தையில் தம் குழியை வேறு தனியே போட்டுவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா" என்றார் வார்டன் அம்மா, கையைப் பிசைந்தபடி. "அவருக்கு மூச்சுத் திணறல், காத்து வேணும்னாரு. கோடிக் கட்டில் காலியா இருக்கு. பாத்ரூம் பக்கத்துலேயே. உங்களுக்கும் சௌகரியம்."

அப்போது வேந்தர், கூடத்துக் கட்டில்கள் யாவும் கிறீச்சிட, திருவாய் மலர்ந்தருளிய பிரகடனமாவது: "நான் என்ன ஊரைவிட்டா ஓடிப்போனேன்? நீங்கதானேம்மா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா கட்டில் போயிடும்னா, நாளைக்கு நெஞ்சு வலிச்சாலும் இங்க ஒருத்தன் வாயைத் திறப்பானா? பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்கயே கிடந்து சாவான்!"

பக்கத்துக் கட்டில் தையல்காரர், முதல்நாள் இரவு தமக்கு வந்த வலியை யாரிடமும் சொல்லாதவர், போர்வையை மெல்ல மூக்குவரை இழுத்துக்கொண்டார். வார்டன் அம்மாவின் முகம் சுண்டியது. அளவையர் மட்டும் அசையவில்லை. "இருக்கிறவன் நான். முடிஞ்சா எழுப்பிப் பாரும்" என்றார்.

வேந்தர் எழுப்பவில்லை. அளவையரின் கால்மாட்டில், மருந்துப்பையை மடியில் கிடத்தி, அமர்ந்தார். முற்றுகை தொடங்கிற்று! எவன் முதலில் எழுகிறானோ அவன் தோற்றான் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவ்வேளையிலே, போர்க்களத்தில் இருபடைக்கும் அம்பு வழங்கும் நடுநிலையாளி போல, நர்ஸ் வந்து இருவருக்கும் நீர் பிரியும் மாத்திரையும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஓ, அடிவயிற்றுப் பெருங்கடலே! கரை மோதும் நின் அலையை எங்ஙனம் உரைப்போம்! வேந்தரோ, நெடுந்தூர வண்டியில் டிரைவர் மனம்வைத்து நிறுத்தும்வரை அணை கட்டிப் பழகியவர்; மலைப்பாதைக் குலுக்கலிலும் மதகு திறவாதவர். அளவையரின் வாழ்க்கையோ திறந்தவெளி. வந்தால் ஒதுங்க ஒரு புதர், வராவிட்டால் இன்னொரு புதர். அடக்குதல் என்னும் கலையை அவருக்குக் கற்பிக்க எந்த வயலும் முன்வந்ததில்லை. முதலில் அவர் காலை மடக்கினார். பிறகு நீட்டினார். கூரையைப் பார்த்தார். மின்விசிறி நீளத்தை மனத்துக்குள் அளந்தார். சாப்பாட்டுத் தட்டுடன் வந்த ரசத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, முகமெல்லாம் வேர்க்குதே" என்றார் தையல்காரர், போர்வைக்குள்ளிருந்து, ரொம்பக் கரிசனமாக. "குழாயை எவனோ சரியா மூடல போலிருக்கு. சொட்டுச் சொட்டுனு... கேக்குதா?"

அவ்வளவுதான். வில்லிலிருந்து விடுபட்ட கணையெனக் கிளம்பினார் அளவையர்! ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கட்டில் கம்பிகளையும் பற்றிப் பற்றி, கூடத்தின் நீளத்தைத் தம் வாழ்நாளிலேயே மிக விரைவாக அளந்தவராய் ஓடுகையில், திரும்பி நின்று முழங்கினார்: "யாரும் படுக்கக் கூடாது! போய்ட்டு உடனே வந்துடுவேன்! போய்ட்டு வர்றவன் இடம் அவனுக்குத்தான்!"

தையல்காரரின் போர்வை குலுங்கிற்று. வார்டன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார்.

"அதைத்தான்யா நானும் காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்!" என்று கர்ச்சித்தார் நடத்துநர் வேந்தர்.

"தப்பு என்னோடதுதாம்ப்பா" என்றார் வார்டன் அம்மா. "யார் போய்ட்டு வந்தாலும் அவங்கவங்க கட்டில் அவங்கவங்களுக்கு. அவருக்குக் கோடிக் கட்டில்கிட்ட ஒரு டேபிள் ஃபேன் வைக்கச் சொல்றேன்." போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல நீண்டது. "அப்படின்னா, எனக்கும் நேத்திக்கு ராத்திரி லேசா வலிச்சுதும்மா."

அக்கணமே சாலை வளைவில் ஹாரன் முழங்கியது. மாவீரர் மெத்தையில் சாய்ந்து, மெலிந்த வலக்கரத்தை வெற்றிக் கொடியென உயர்த்தினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பேருந்து நில்லாது சென்றது. வாகை சூடிய வேந்தர், அணைக்கட்டு உடையும் ஓசை தம்முள் எழக் கேட்டு, இனிக் கட்டில் பறிபோகும் என்ற கவலையின்றி, மிடுக்கோடு எழுந்து, அதைவிட மிடுக்காக விரைந்து, கூடத்தின் கோடியிலுள்ள கதவைத் தள்ளினார்.

உள்ளே ஆள் இருந்தது.