மின்னலின் கை, இடியின் வாய்

மனித இனத்துக்கு நாக்கு எதற்காக அளிக்கப்பட்டது என்ற கேள்விக்கு, கணினி விளையாட்டுப் போட்டிகளுக்கு வர்ணனையாளர்கள் வந்த பிறகுதான் சரியான விடை கிடைத்தது. அந்த விடைக்குப் பெயர் 'இடி'. வேறொரு பெயரும் அவருக்கு இருந்தது. அதை அவர் மனைவியே மறந்து வெகுநாளாகிறது.

இடிக்குப் புகழ் வந்தது மின்னலால். மின்னல் இருபத்திரண்டு வயது ஆட்டக்காரன். அந்தத் தொழிலில் அது ஓய்வுபெறும் வயது. தினம் பன்னிரண்டு மணி நேரம் மௌஸைப் பிடித்துப் பிடித்து அவன் வலது கை ஓய்ந்திருந்தது. மின்னல் வெட்டிய பிறகு இடி முழங்குவது இயற்கை. மின்னல் வெட்டாதபோதும் முழங்குவது தொழில் தர்மம்.

இறுதிப் போட்டியன்று ஒப்பனை அறைக்கு மின்னல் வந்தான்.

"அண்ணே, மூணு நாளா ரெண்டு விரல் மரத்துப்போகுது. நடுவுல முடியலேன்னா இடது கையத் தூக்குவேன். நடுவர் கவனிக்காம விட்டாலும் விட்டுருவாரு. நீங்க மைக்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"கவலப்படாத தம்பி. நான் இருக்கேன்ல."

இந்தப் பேச்சு எப்படியோ போட்டியை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் காதுக்குப் போயிற்று. உடனே 'வீரர் நல அவசரக் கூட்டம்' கூடியது. வந்திருந்தவர்கள் மேலாளர், விளம்பரதாரரின் பிரதிநிதி, இடி. வீரரின் நலம் பற்றிய கூட்டம் என்பதால் வீரர் அழைக்கப்படவில்லை.

"அவன் கையை நாம ஒருநாளும் கைவிடமாட்டோம்," என்றார் மேலாளர். "ஆனா 'வலி'ங்கற வார்த்தை மட்டும் ஒளிபரப்புல வரக்கூடாது."

"ஏங்க?"

"சார் கம்பெனி விக்கறதே கை வலிக்காத மௌஸ்."

பிரதிநிதி அடக்கமாகத் தலையாட்டினார்.

"அப்ப அவனுக்கு வலிச்சா என்ன சொல்றது?"

"யோசிக்கிறார்னு சொல்லுங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறுத்துச் சொல்ல இடிக்கு வாய் இருந்தது. ஒப்பந்தப்படி அது நிறுவனத்தின் சொத்து.

கடைசிச் சுற்றில் மின்னலின் கை நின்றுபோனது. திரையில் அவனுடைய சிப்பாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மரம் மாதிரி நின்றான். இடியின் மேசையில் இருந்த சிறு திரையில் மின்னலின் முகம் வெளிறியது. இடது கை மேலே எழுந்தது.

இடி வாயைத் திறந்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் மேலாளர் லேசாக இருமினார்.

"பாருங்கள், யோசிக்கிறார்," என்று முழங்கினார் இடி. "அசையாமல் நின்றே எதிரியை ஆட்டிவைக்கிறார். இந்த நெருக்கடியிலும் ரசிகர்களை மறக்காமல் கையசைக்கிறார். நாமும் அசைப்போம்!"

அரங்கத்தில் பத்தாயிரம் கைகள் அசைந்தன. நடுவரும் நெகிழ்ந்துபோய் ஒரு கையை அசைத்தார். எதிராளியோ, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்து, பதுங்கிய இடத்தைவிட்டு நான்கு நிமிடம் நகரவில்லை. நேரம் முடிந்தது. முந்தைய சுற்றுகளின் புள்ளிகளால் மின்னல் வென்றான்.

கோப்பையை அவனால் தூக்க முடியவில்லை. 'தன்னடக்கம்' என்றார் இடி.

மறுநாள் மருத்துவர் கையைப் புரட்டிப் பார்த்தார். "மரத்துப்போன கைய நாலு நிமிஷம் மல்லுக்கட்டி அசைக்கப் பாத்திருக்கீங்க. அப்பவே நிறுத்தியிருந்தா கத வேற. இனி இந்த ரெண்டு விரலும் சட்டைப் பொத்தான் போட உதவினாலே பெரிசு."

நிறுவனம் முதலில் கையை விரித்தது, பிறகு கையைக் கழுவியது. சுகாதார விஷயத்தில் அது மிகவும் கண்டிப்பு. அந்த நான்கு நிமிட முழக்கத்துக்காக இடிக்கு 'ஆண்டின் சிறந்த வர்ணனையாளர்' விருது கிடைத்தது.

விருது வாங்கி வீடு திரும்பிய மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு.

"மின்னலோட அம்மா பேசறேன் தம்பி."

இடி எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தார். திட்டிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"எனக்கு அந்த விளையாட்டு ஒண்ணும் புரியாதுப்பா. ஓடறாங்க, சுடறாங்க, அவ்வளவுதான் தெரியும். நீங்க சொல்றத வெச்சுத்தான் பாப்பேன். அன்னிக்கி அவன் கையத் தூக்கினான். கையசைக்கிறார்னு சொன்னீங்க."

"ஆமாங்கம்மா."

"நானும் டிவிக்கு முன்னாடி நின்னு கையசைச்சேன் தம்பி. என் புள்ள உதவிக்குக் கூப்பிட்டிருக்கான். நான் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டியிருக்கேன்."

பெற்றவளின் கண்ணையே கட்டிவிடும் அளவுக்கு வர்ணனைக் கலை வளர்ந்திருப்பதை, விருதுக் குழு தன் பாராட்டுரையில் குறிப்பிட மறந்திருந்தது. அந்தக் குறையை அந்த அம்மா தீர்த்துவைத்தார்.