வேப்பமரத்துக்குப் போட்ட கட்டு

இராஜபாளையத்தில் மனிதர்களுக்கான பேண்டேஜ் துணி ஏராளமாகத் தயாராகிறது. அதை எடுத்து மரத்துக்குப் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் பேண்டேஜ் அண்ணாச்சி.

நாலைந்து வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் அவர் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். துணியில் கறையோ ஓட்டையோ இருந்தால் தள்ளிவிடுவது அவர் வேலை. தள்ளியதை முதலாளியிடம் கேட்டு வாங்கி வண்டியில் கட்டிக்கொள்வார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். நான் ஸ்டோர் கிளார்க்; என் லீவு லெட்டர் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. அதனால் சுற்றுச்சூழல் மீது எனக்கு அளவற்ற பற்று ஏற்பட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு மரங்களில் டியூஷன் சென்டர்காரர், மூல வைத்தியர், கல்யாண வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஆணி வைத்துப் போர்டு அடித்திருப்பார்கள். அண்ணாச்சி ஆணியைப் பிடுங்குவார். பிடுங்கிய இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுவார். அதன்மேல் பேண்டேஜைச் சுற்றுவார். மஞ்சள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற நர்ஸ் நான்.

"செத்த நேரம் பொறுத்துக்க, இன்னும் ஒண்ணுதான்" என்று புளியமரத்திடம் சொல்வார். அதுவும் பொறுத்துக்கொள்ளும். விவசாயம் படித்த ஒருவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி, "மரத்துக்குக் கட்டெல்லாம் தேவையில்லை சார், தானா ஆறிக்கிடும்" என்றார். "ஒங்களுக்குக் காலு ஒடைஞ்சாலும் தானாக் கூடிக்கிடும். பொறவு எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறிய?" என்று அண்ணாச்சி கேட்டார். படித்தவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கவலை. ஏணியிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை போய், கை தோளுக்கு மேலே எழும்பாது. "எனக்கு எட்டுற ஆணியத்தான் நான் பிடுங்குதேன் தம்பி. மேல உள்ளது அம்புட்டும் அப்படியே கெடக்கு. எளவட்டப் பயலுவ பத்துப் பேரு வந்தாப் போதும்" என்பார். என்னைப் பார்க்க மாட்டார். ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும்.

அந்தப் பத்துப் பேரைப் பிடிக்க டீக்கடைக்குப் போனோம். முனீஸும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பிளெக்ஸில் கூலிங் கிளாஸோடு வரிசையாக நிற்கிறவர்கள்.

"ஏலே, ஞாயித்துக்கெழம மரத்துல ஆணி பிடுங்க வாரியளா?"

"சர்டிபிகேட் உண்டா அண்ணாச்சி?" என்றான் முனீஸ்.

"கெடையாது."

"டீ-ஷர்ட்டு?"

"கெடையாது."

"போட்டோவாச்சும் எடுப்பியளா?"

"ரெண்டு கையிலயும் வேல இருக்கும்லே."

"பாக்கலாம் அண்ணாச்சி" என்றான். எங்கள் ஊரில் இதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். அண்ணாச்சி அதை நம்பி மூன்று ஞாயிறு பத்துச் சுத்தியல் கொண்டுவந்தார்.

அந்தச் சமயத்தில்தான், மெயின் ரோட்டிலிருந்து கிராமத்துக்குப் பிரிகிற ஒரு விலக்கு பஸ் ஸ்டாப்பில் நின்ற வேப்பமரத்துக்குக் கட்டுப் போட்டோம். அதில் ஐந்து ஆணி. காயம் பெரிது என்பதால் மஞ்சளைத் தாராளமாகத் தடவி, இடுப்பு உயரத்துக்குத் துணியைச் சுற்றிவிட்டு வந்தோம். வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அடுத்த வாரம் கட்டு மாற்றப் போனால் மரத்துக்குக் குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம். பெண்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். மணி தொங்கவிட நான்கு ஆணி, சூலம் மாட்ட இரண்டு, மேல் கிளையில் விழாக் கமிட்டி பிளெக்ஸுக்கு நான்கு. மரத்தடியில் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட்டில் முனீஸ் கூட்டம்தான் கமிட்டியாக நின்றது. அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார்.

"தம்பி, சரியாப் பத்துப் பேரு இருக்கானுவ."

"அண்ணாச்சி, ஆத்தாளுக்கு ஆணி ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க. இந்த ரோட்டுல ஒரு மரத்துலயும் ஆணி இருக்காது" என்று அவர் காதில் சொன்னேன்.

அவர் யோசித்தார். ஆசை இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு நேராக முனீஸிடம் போனார்.

"ஏலே, இது சாமி இல்ல. எங்க கம்பெனில ரிஜெக்ட் ஆன பேண்டேஜு. நான்தான் சுத்துனேன்."

சுற்றி வந்த ஓர் அம்மாள் நின்றுவிட்டாள். "அப்பம் எம் மவளுக்கு எப்படிக் காய்ச்ச விட்டுச்சு?"

"மாத்திர குடுத்தியளா?"

"குடுத்தேன்."

"நல்ல மாத்திரதான். மிச்சத்தையும் குடுத்து முடிச்சிருங்க" என்றார் அண்ணாச்சி.

கமிட்டி கொதித்தது. "ஊரு பூராம் சொல்லியாச்சு, எங்க மானம் போச்சு" என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவன் பிடித்தது பிடித்தபடி இருக்க, அண்ணாச்சி கட்டை அவிழ்த்தார். உள்ளே பழைய காயத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே புது ஆணிகள். ஒருவரையும் திட்டாமல், எட்டியதை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்தான். கமிட்டிக்காரர்களின் பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் பத்துப் பேரும் கிடைத்திருப்பார்கள்.

கீழே இருந்த ஆறும் முடிந்தது. அண்ணாச்சி அண்ணாந்து பிளெக்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் போகவில்லை. எல்லோரும் போன பிறகும் நின்றிருந்த முனீஸ், அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான்.

"மேல உள்ள நாலும் நான் அடிச்சது அண்ணாச்சி. ஒங்களுக்கு எட்டாது. நான் ஏறுதேன்."

"மெள்ளப் பிடுங்கு, வலிக்கும்" என்றார் அண்ணாச்சி. யாருக்கு என்று முனீஸ் கேட்கவில்லை. நான்காவது ஆணியில், கூலிங் கிளாஸோடு சிரித்த அவன் படமே அவன் காலடியில் சரிந்தது.

திரும்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "முனீஸு அடுத்த வாரமும் வாரேங்கான். இனி நீங்க தூங்குங்க தம்பி. இத்தன நாளா ஒங்களப் படுத்தி எடுத்துட்டேன்."

அடுத்த ஞாயிறு என் வாசலுக்கு யாரும் வரவில்லை. ஐந்தரைக்கே எழுந்து டவுன் பஸ் பிடித்து, அவர்கள் வேப்பமரத்தின் காயத்தைப் பார்க்க வருவதற்கு முன்பே விலக்கில் போய் இறங்கி நின்றேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.