சொல்லாமல் கொளுத்திய சரவெடி

கால்பந்துப் பயிற்சியாளனுக்குப் பந்தைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, தோற்றதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். காற்று, கரிசல் மண், நடுவர், நடுவரின் மச்சினன் என்று முப்பது வருடம் ஒப்பேற்றியிருக்கிறேன். ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் யாரையும் கைகாட்ட முடியவில்லை. அதைத் தோற்கடித்தவன் நான்தான்.

அறுபதுகளின் ஆரம்பம். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எம். புதுப்பட்டிக்கு சைக்கிள் மிதித்துப் போய், பட்டாசுக் கம்பெனி ஆட்களுக்குப் பந்து பழக்குவேன். (பழக்கினேன் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். நான் போவதற்கு முன்பே அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள்.) விரல் இடுக்கில் அலுமினியத் தூள் மினுங்க, வெறுங்காலோடு ஆடுவார்கள். கணுக்கால் பிசகினால் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் இறங்குவார்கள். நான் பதறினால் சிரிப்பார்கள். அவர்கள் காயம் என்று நினைத்தது வேறு.

இடது ஓரத்தில் ஆடிய மாடசாமி மருந்து அறையில் வேலை பார்த்தார். (அங்கே மருந்து என்றால் வெடிமருந்து.) அவருடைய அண்ணன் அப்படி ஓர் அறையில்தான் கருகிப் போனவர். மதுரைப் பக்கத்து மில் ஒன்று, நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும். சாத்தூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் எங்களை எதிர்த்தது அந்த மில் அணிதான். மாடசாமியின் ஆட்டத்தைப் பார்க்கவென்றே அவர்களுடைய மேனேஜர் காரில் வந்திருந்தார்.

“இன்னைக்கு மட்டும் ஆட்டம் கூடிவந்துட்டா, மருந்து ரூமுக்கு ஒரு கும்பிடு சார்” என்றார் மாடசாமி.

அவருக்கு ஊக்கம் கொடுக்க என் மூளை ஒரு யோசனை செய்தது. நம் ஆட்கள் கோல் போட்டதும், அவர்கள் கையால் செய்த சரவெடியையே கோல் கம்பத்துக்குப் பின்னால் கொளுத்த வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன சுவாரசியம்? ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பட்டாசுக்காரர்கள் வெடிக்குப் பயப்படுகிறவர்கள் அல்ல. ‘போடுறோம்’ என்று சொல்லிவிட்டு வெடித்தால் காதருகில் வெடித்தாலும் திரும்ப மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் ஒரு வெடி கேட்டால் ஏன், எதற்கு என்று நிற்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம் அது. டிரில் மாஸ்டருக்கு அதை யார் சொல்வார்கள்?

முதல் பாதியிலேயே மாடசாமி இரண்டு பேரை வெட்டி வளைத்து, பந்தை வலையில் சேர்த்தார். நான் பற்றவைத்தேன்.

முதல் வெடிக்கே பதினொரு பேரும் கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஆள் ஒருவர் மில் அணியின் கோல்கீப்பரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஆறடி உயர மனிதர் அவர். “எதுக்குய்யா ஓடுறோம்?” என்று கேட்டுக்கொண்டே கூட ஓடினார். அதைப் பார்த்து மற்ற மில்காரர்களும் ஓடினார்கள். மைதானத்தில் மிஞ்சியது நானும் நடுவரும். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

புகை அடங்கியதும் ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்போடு திரும்பினார்கள். மாடசாமி மட்டும் வரவில்லை. முள்வேலியைத் தாண்டியவர் அந்தப் பக்கத்து ஓடைக்குள் விழுந்து கிடந்தார். முழங்கால் திருகியிருந்தது.

மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. பத்துப் பேரோடு ஆடி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மேனேஜர் அந்த முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் மாடசாமி பக்கத்தில் குத்தவைத்து, வெடி வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

“கோலு செல்லும்ல சார்? நடுவரு எழுதிட்டாகளா?”

எழுதிவிட்டார் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். டிரில் மாஸ்டர் அழுது எங்கள் ஆட்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

வைத்தியர் எத்தனை கட்டுப் போட்டும் அந்தக் கால் முழுசாக மடங்கவில்லை. ஓட முடியாத ஆளை மருந்து அறையில் வைக்க மாட்டார்கள். லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், கடைசி வரை அங்கேதான் இருந்தார். மருந்து அறைக்குத் தப்பி இவர் பிழைத்தது உங்களால்தான் என்று அவர் மனைவி ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதை ஏற்றுக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

விஷயம் என் வீட்டில் வேறு மாதிரி தங்கிவிட்டது. நான் எதில் கை வைத்தாலும், அடுப்பு பற்றவைத்தாலும், ரேடியோவைத் திருகினாலும், “எல்லாருக்கும் சொல்லியாச்சா?” என்று மனைவி கேட்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மகள் கல்யாணத்துக்கு மாடசாமி வந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி போட வேண்டும் என்று தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். நான் குனிந்தேன்.

“சார், எல்லாருக்கும் சொல்லியாச்சா?”

கேட்டது மனைவி அல்ல, மாடசாமி. பந்தலே சிரித்தது. அவர் நாற்காலியில் அந்தக் காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் தீப்பெட்டியை சம்பந்தியிடம் கொடுத்துவிட்டு, சமையல் ஆகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.