கிரியாட்டின் மாவும் எலிப்பொறியும்

உருத்திரபுரம்,
ஞாயிறு.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் குகதாசன் அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கு குளத்தில் தண்ணீர் போதும், நாங்களும் சுகம். ரொறன்ரோவில் உங்களுக்கும் மகளுக்கும் அப்படியே அமையட்டும். கடிதத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறேன்; எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும், சுட்டுவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது.

நம் கஜேந்தினி உதைபந்தாட்டத்தில் கடைசி இருபது நிமிடம் களைத்துவிடுகிறாள் என்று நீங்கள் அனுப்பிய கிரியாட்டின் மா கிடைத்தது. கொண்டுவந்தவர்கள் பயணப்பொதியின் நிறை கூடுமென்று போத்தலை எறிந்துவிட்டு வெறும் பையில் கட்டித் தந்தார்கள். பெயருமில்லை, விபரமுமில்லை, 'நாளுக்கு ஐந்து கிராம்' என்ற உங்கள் துண்டுக் காகிதம் மட்டும். அதைப் பேத்திக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. வேண்டாமென்று உங்களுக்குச் சொல்லவும் துணிவு வரவில்லை. ஆகவே இருபத்தெட்டு நாள் நானே குடித்துப் பார்ப்பது, சிறுநீரகம் பழுதாவதென்றால் எழுபத்தாறு வயதுச் சிறுநீரகமே ஆகட்டும், அதுவரை அவளுக்கு வறுத்த அரிசிமாவைத் தேசிக்காய்த் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். நிறை, நாடித்துடிப்பு, நித்திரை எல்லாம் கொப்பியில் குறித்தேன். இருபதாம் நாள் சைக்கிளை விட்டு இறங்காமலே குளக்கட்டு ஏறினேன். ஒருவரும் பார்க்காத நேரம் வாய்க்காலையும் தாண்டினேன்.

அவளோ நான்கு ஆட்டத்தில் ஏழு கோல். "அம்மப்பா, பெரியப்பான்ர மா நல்லா வேலை செய்யுது" எண்டு வந்து சொல்லேக்க நான் தலையாட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி அரிசிமா கலக்கினன். இதுக்குள்ள அரிசிமா ரின்னில நான் அவளுக்கு எடுத்ததிலும் கூடக் குறையுது. நிறுத்ததில் பிழை விட்டனோ எண்டு தராசை மூன்று தரம் சோதிச்சன். உங்கட மாமி எலியாக்கும் எண்டா. நானும் ஓம், எலிதான் எண்டிட்டன். அவா ரின்னுக்குப் பக்கத்தில பொறி வைச்சா. விரல் போனது அப்பிடித்தான். எலிப்பொறிக்குள்ள ஏன் கை வைச்சனீங்கள் எண்டு கேட்டா. வேலை செய்யுதோ எண்டு பாத்தனான் எண்டன்.

சனிக்கிழமை இறுதியாட்டம். அதில்தான் மாகாண அணிக்கு ஆள் எடுப்பார்கள். இன்றோடு இருபத்தெட்டு நாள் முடிந்தது, மாவில் தீங்கில்லை என்று என் உடம்பு காட்டிவிட்டது. இனி உண்மையான மாவைக் கொடுக்கலாம். ஆனால் இதுவரை குடித்தது அரிசிமா என்று சொன்னால் பிள்ளையின் மனம் விட்டுப்போகும். சொல்லாவிட்டால் என் பொய்யை நம்பித்தான் ஓடப்போகிறாள். சொல்லவா, விடவா? உங்கள் சொற்படி நடப்பேன்.

உங்கள் வீட்டுக்குப் பிள்ளையார் காவல் இருக்கட்டும். விரல் விஷயத்தை மாமியிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா அப்புத்துரை

பி.கு.: மனம் கேட்காமல் நேற்றிரவே கஜேந்தினியிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "தெரியும் அம்மப்பா. முதல் நாளே உங்கட கொப்பியைப் பாத்திட்டன். பிரஷர் குளிசை போடுற ஆள், உதைக் குடிச்சு உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? உங்கட பைக்குள்ள அரிசிமாவைப் போட்டிட்டு, பெரியப்பான்ர மாவை நான்தான் குடிச்சனான்" என்றாள். ஆக, இருபத்தெட்டு நாளும் நான் குடித்தது அரிசிமா. இன்று காலையும் வாய்க்காலைத் தாண்டிப் பார்த்தேன். தாண்ட முடிகிறது. ஆகவே மேலே கேட்டதை விட்டுவிட்டு, நான் அரிசிமாவை நிறுத்துவதா தொடர்வதா என்று மட்டும் எழுதவும்.