இழுப்பவர் வேறு, விடுபவர் வேறு

எங்கள் வட்டாரச் சான்றிதழ் அலுவலகம் கணினிமயமானதிலிருந்து அங்கே ஒரு காகிதம்கூட நகர்வதில்லை. திரையில் இடது பக்கம் ஒரு பெட்டி. அதன் பெயர் 'வந்தவை'. வலது பக்கம் இன்னொன்று, அது 'தீர்ந்தவை'. நம் கோப்பை மவுஸால் அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வலது பெட்டிக்கு மேலே விரலை எடுத்தால் போதும். கோப்பு உள்ளே விழும், பக்கத்திலிருக்கும் பிரின்டர் சான்றிதழைத் துப்பும். நடுவழியில் விரல் தவறினால் கோப்பு பழையபடி இடது பெட்டிக்கே ஓடிவிடும். குழந்தைகூடச் செய்துவிடும் காரியம். அலுவலகத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

காகிதக் காலத்து விதி ஒன்று இருந்தது: கோப்பை எடுப்பவரும் வைப்பவரும் ஒருவராக இருத்தலாகாது. ஊழலைத் தடுக்கப் போட்டது. கணினி வந்ததால் ஊழல் ஊரைவிட்டா போய்விட்டது? ஆகவே மேலிடம் ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இழுக்கும் அதிகாரம் தலைமை எழுத்தருக்கு. விடும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு. எழுத்தர் கோப்பை வலது பெட்டிக்கு மேலே கொண்டுவந்து, அழுத்திய விரலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். கண்காணிப்பாளர் வந்து அந்த விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்துவார். எழுத்தர் தன் விரலை அடியிலிருந்து பக்குவமாக உருவிக்கொள்வார். இதற்கு 'விரல் மாற்றம்' என்று பெயர். இருவரும் இதைக் கற்றுக்கொள்ள ஒரு மலை ஊருக்குப் பயிற்சி முகாம் போய், நல்ல நிறத்தோடு திரும்பி வந்தார்கள்.

எனக்குப் பூட்டுக்கடை. கடையை வேறு தெருவுக்கு மாற்றியதில், முகவரிச் சான்று இல்லாமல் திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். பூட்டுக்கடையையே பூட்டி வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தையல்கார அம்மா.

"சார், என் பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கெடச்சிருக்கு. இருப்பிடச் சான்ற இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார் அவர்.

"அதுக்குத்தானேம்மா காலையிலேர்ந்து பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் தலைமை எழுத்தர். அந்த அம்மாவின் கோப்பு வலது பெட்டிக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தரின் விரல் வெளுத்துப் போயிருந்தது.

"கண்காணிப்பாளர் எங்க சார்?"

"மீட்டிங்."

"என்ன மீட்டிங்?"

"சேவைய எப்படி வேகப்படுத்தறதுன்னு. எப்ப முடியும்னு சொல்ல முடியாது."

"நீங்களே விரல எடுத்துட்டா என்ன சார்?"

எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எடுத்தா விழுந்துடும்மா!"

"விழணும்னுதானே வந்திருக்கேன்."

"விழறது வேற, விடறது வேற. விட்டா கண்காணிப்பாளர் பொறுப்பு. தானா விழுந்தா யார் பொறுப்பு?"

வரிசையில் நின்ற நாங்கள் தலையாட்டினோம். சட்டம் தெரிந்தவர் பேசினால் கேட்பதற்கே ஒரு நிம்மதி.

அந்த நேரம் பார்த்து எழுத்தரின் மனைவி போன் செய்தார். எழுத்தர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சாப்பிட வர முடியாதும்மா, விரல் ஆபீஸ்ல இருக்கு" என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் நெளியவும் ஆரம்பித்தார். சர்க்கரை வியாதிக்காரர். எத்தனை நேரம்தான் அடக்குவார், பாவம்.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. விதி எடுப்பவரைப் பற்றிப் பேசுகிறது, வைப்பவரைப் பற்றிப் பேசுகிறது. சும்மா பிடித்துக்கொண்டிருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"அம்மா, இத கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கறீங்களா? ஓடிப் போயிட்டு வந்துடறேன். மக்கள் பங்கேற்புன்னு எழுதிக்கலாம்."

தையல்கார அம்மா விரலை வைத்து அழுத்தினார். எழுத்தர் பக்குவமாகத் தன் விரலை உருவிக்கொண்டு ஓடினார். அந்த அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

பிரின்டர் கரகரத்தது. சூடாக ஒரு சான்றிதழ் வெளியே வந்தது. அந்த அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்து, மகளின் பெயரைத் தடவிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அப்ப நாங்கள்லாம் கேனைங்களா?" என்றேன். "மூணு நாளா வரேன். என் கோப்ப இன்னும் தொடக்கூட இல்ல!"

"முறைன்னு ஒண்ணு கிடையாதா?" என்றார் எனக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"அண்ணே, சண்டை போடாதீங்க. வாங்க, நீங்களும் இழுத்து விடுங்க. ஆளுக்கு அரை நிமிஷம். எல்லாரும் ஒரு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அந்த அம்மா.

இதுதான் எங்களை அதிகமாக நோகடித்தது.

"அரை நிமிஷ வேலைன்னா, இத்தனை நாள் நாங்க நின்னதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று வாத்தியார் கத்தினார். நியாயமான கேள்வி. அந்த அம்மா சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாசலை நோக்கி நடந்தவரை வரிசையே மறித்துக்கொண்டது.

எழுத்தர் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், "போனது போகட்டும் சார், பொண்ணு படிக்கட்டுமே" என்று முணுமுணுத்தார். நல்ல மனுஷன், ஆனால் பொறுப்பில்லாதவர். நாங்கள் விடவில்லை. கண்காணிப்பாளர் மீட்டிங் முடிந்து வரும்வரை அந்த அம்மாவை விடவே இல்லை.

கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் கேட்டார். பொதுமக்களின் உணர்வுக்குத் தலைவணங்கி அந்தச் சான்றிதழை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கோப்பை வலது பெட்டியிலிருந்து இடது பெட்டிக்குத் தானே இழுத்து, தானே விட்டார். திருப்பி அனுப்புவதற்கு இரண்டு பேர் தேவையில்லையாம். அதோடு, இனி விண்ணப்பதாரரே தன் கோப்பைப் பிடித்துக்கொண்டு, கண்காணிப்பாளர் வந்து விடும்வரை காத்திருக்கலாம் என்றும் அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். தையல்கார அம்மா வரிசையின் கடைசிக்குப் போனார். அழுதுகொண்டுதான் போனார்; அதை மறைப்பானேன்.

இன்று என் முறை. கோப்பு வலது பெட்டிக்கு நேர் மேலே, என் விரலுக்கடியில் இருக்கிறது. எடுத்தால் கடை திறந்துவிடும். கண்காணிப்பாளர் மக்கள் பங்கேற்பு பற்றிய மீட்டிங்கில் இருக்கிறார். காலையில் வந்தவனுக்கு இப்போது தோள்வரை மரத்துவிட்டது. எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் எதையும் பாக்கல சார்" என்கிறார்.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கோடியில் தையல்கார அம்மா. மகளின் இடம் அன்றைக்கே வேறொருத்திக்குப் போய்விட்டது. அடுத்த வருஷத்துக்காக நிற்கிறார்.

"அண்ணே, விரல் ஆடுது" என்றார் அங்கிருந்தே. "நல்லா அழுத்திப் பிடிங்க."